சவேலி துண்டு

மாலியே ப்ருதி கிராமத்து உஸ்தீனியா த்ரோஃபீமவ்னாவுக்கு அறுபத்தொன்பதாவது வயதில் நிலம் கிடைத்தது. அவள் கேட்கவில்லை. எதையும் கேட்கிற பழக்கமே அவளிடம் கிடையாது. தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு மார்ச் மாதம், பனி உருகித் தெருவெல்லாம் சேறாகிக் கிடந்த ஒரு மதியம், கூட்டுப்பண்ணைக் கிளப்பில் எல்லோரையும் உட்காரவைத்துப் பெயர் கூப்பிட்டு ஆளுக்கொரு இளஞ்சிவப்புத் தாளைக் கையில் திணித்தார்கள். பண்ணை நிலம் இனி அரசாங்கத்துடையது இல்லை, பாடுபட்டவர்களுடையது, இது உங்கள் பங்கு என்றார்கள்.

அப்படிச் சொன்னவர் வலேரியான் குஸ்மிச். ஒரு காலத்தில் கட்சிச் செயலாளர், போன வருஷம் வரை பண்ணைத் தலைவர், இப்போது பங்கு நிறுவனத்தின் இயக்குநர். வாசலில் பலகையை மாற்றினார்கள். உள்ளே இருந்த நாற்காலியையும் அதில் உட்கார்ந்திருந்த உடம்பையும் மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. மனிதர் "தோழர்களே" என்று தொடங்கிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, "பங்குதாரர்களே" என்று திருத்திக்கொண்டார்.

"குஸ்மிச், இத வச்சு என்ன பண்றது?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு டிராக்டர்காரன் கத்தினான். "கக்கூஸுக்குக் கூட ஆகாது போலருக்கே. தாளு ரொம்ப மொரமொரன்னு இருக்கு!"

கிளப்பே அதிரச் சிரித்தது. உஸ்தீனியா சிரிக்கவில்லை. தாளில் அவள் பெயர் முழுசாக, பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது. பக்கத்திலேயே 'உரிமையாளர்' என்ற வார்த்தை. தாளை நாலாக மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். இருநூறு பேர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், அத்தனை பேர் கையிலும் அதே தாள்.

அப்போதுதான் அவள் மகன் யெகோர் எழுந்து நின்றான். பண்ணைப் பட்டறையில் மெக்கானிக். முப்பத்தேழு வயது. மனைவி நகரத்துக்குப் போய்த் திரும்பி வராததிலிருந்து அவனுக்குக் குடிதான் துணை. ஆனால் அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் குடிக்கவில்லை. நிலம் பிரிக்கப் போகிறார்கள் என்று வானொலியில் கேட்ட நாளிலிருந்து பாட்டிலைத் தொடவில்லை.

"நான் தனியாப் பிரிஞ்சுக்கறேன், வலேரியான் குஸ்மிச். என் பங்கு, எங்கம்மா பங்கு, ரெண்டையும் சேர்த்து ஒரே இடமா அளந்து குடுங்க. ஆத்தோரம் இருக்கே, சவேலி துண்டு, அதுதான் வேணும்."

உஸ்தீனியாவின் காதில் அதற்கப்புறம் எதுவும் விழவில்லை.

சவேலி துண்டு என்றால் அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆறு வளைகிற இடத்தில், தொட்டால் கையில் ஒட்டுகிற கரிய மண். பிள்ளைகள் அங்கேதான் மீன் பிடிப்பார்கள், யெகோரும் அங்கேதான் நீச்சல் பழகினான். சவேலி யார் என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. ஊர்ப் பெயர்களை யார் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்? சவேலி உஸ்தீனியாவின் அப்பா. இது அவளுக்குத் தெரியும், பக்கத்து வீட்டு லுகேரியாவுக்குத் தெரியும், தெரிந்த மற்றவர்கள் எல்லோரும் கல்லறையில் இருந்தார்கள்.

ஜார் ஆட்சியின் கடைசிக் காலத்தில், ஊர்ப்பொது நிலத்திலிருந்து விலகித் தன் பங்கை ஒரே துண்டாக வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு சட்டம் வந்தது. ஊரே முறைத்தது. சவேலி முத்திரை குத்திய தாளை வாங்கிக்கொண்டு, ஆற்றோரத்தில் தார் பூசிய முளைகளை அடித்துத் தனியாக உழுதார். புரட்சி வந்ததும் ஊர்க்காரர்கள் அந்த முளைகளைப் பிடுங்கினார்கள். பிறகு சில வருஷம் அரசாங்கம் கொஞ்சம் மூச்சு விட இடம் கொடுத்தது, சவேலி மறுபடி அதே இடத்தில் உழுதார், இரண்டு குதிரை வாங்கினார். அந்த இரண்டாவது குதிரைதான் எமனாக வந்தது. முப்பதாம் ஆண்டு பிப்ரவரியில் கூட்டுப்பண்ணை அமைக்க ஆட்கள் வந்தார்கள், கையில் ஒரு பட்டியலோடு. இரண்டு குதிரை வைத்திருப்பவன் பணக்கார விவசாயி, பணக்கார விவசாயி மக்களின் எதிரி. விடிகிற நேரத்தில் அப்பா, அம்மா, ஆறு வயது உஸ்தீனியா, கைக்குழந்தைத் தம்பி எல்லோரையும் பனிச்சறுக்கு வண்டியில் ஏற்றினார்கள். வண்டி கிளம்புவதற்கு முன்பே முற்றத்தில் பங்கு பிரிப்பது ஆரம்பமாகிவிட்டது. தேநீர் கொதிக்கவைக்கிற சமோவார் லுகேரியாவின் அப்பாவுக்குப் போனது.

தம்பி ரயிலிலேயே செத்துப்போனான். வடக்கே காட்டில் மரம் வெட்டப் போட்டார்கள், அப்பா முதல் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. மறு வருஷம் சித்தப்பா த்ரோஃபிம் எப்படியோ அனுமதி வாங்கி வந்து பெண்ணை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். அம்மா அங்கேயே இருந்தாள், அப்புறம் அவளைப் பற்றித் தகவல் இல்லை. ரயிலில் சித்தப்பா அவள் முகவாயைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"உங்கப்பா பேரு த்ரோஃபிம். சவேலின்னு யாரையும் உனக்குத் தெரியாது. யாரு கேட்டாலும் தெரியாது. புரிஞ்சுதா, குட்டி?"

புரிந்தது. அன்றிலிருந்து அவள் த்ரோஃபீமவ்னா, அதாவது த்ரோஃபிமின் மகள். அறுபது வருஷம் அதை விடாமல் புரிந்துவைத்திருந்தாள். ஊரும் வாயைத் திறக்கவில்லை. நல்ல மனசு என்று நினைத்துவிட வேண்டாம், அவள் வீட்டுச் சாமான் ஒவ்வொன்றும் யார் யார் வீட்டிலோ இருந்ததே! அவள் பால் கறக்கப் போனாள், நன்றாகக் கறந்தாள். பண்ணையின் கௌரவப் பலகையில் அவள் போட்டோவை மாட்டியபோது ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தாள். கணவன் மத்வேய் கூரைக்குத் தகரம் போடலாம் என்று ஆசைப்பட்டபோது அழுது தடுத்தாள். பக்கத்து வீட்டை விட ஒரு கோழி அதிகமாக அவள் வைத்துக்கொண்டதில்லை. மத்வேய் சாகும் வரை அவளைக் கஞ்சப்பிசினாரி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான். கஞ்சத்தனமா அது? உயிர்ப் பயம். மகனிடம் அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவனுக்குத் தெரியாதவரை அவனுக்கு ஆபத்தில்லை என்று நினைத்தாள்.

கோடையில் யெகோர் அம்மாவை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனான். நில அளவையாளர் வந்து போயிருந்தார். நாலு மூலையிலும் புது முளைகள்.

"இங்கேருந்து அந்த வில்லோ மரம் வரைக்கும், அம்மா. கோதுமை போடலாம், அந்தப் பக்கம் பூசணி. பட்டறையில ஒதுக்கிப் போட்ட டிராக்டர நான் எழுப்பிடுவேன், பம்ப்பு மட்டும் கெடைச்சாப் போதும். கூட்டத்துல சம்மதம் சொல்லிட்டாங்க. அறுவடை முடிஞ்சதும் ரெண்டு பேர் தாளையும் வட்டார ஆபீசுல குடுத்தா முடிஞ்சுது. என் ஒரு பங்குக்கு இந்த எடம் வராது, ரெண்டு இருந்தாத்தான் வரும்."

அவன் முகத்தில் அவள் அப்பாவின் சாயலைப் பார்த்தாள். அதுவரை தெரியாத சாயல். புருவத்தை உயர்த்திக்கொண்டு, மண்ணைக் கையில் எடுத்து உதிர்த்துக்கொண்டு நின்றான்.

"உனக்குப் பிடிக்கலியாம்மா?"

"காத்து அடிக்குது. வா, போலாம்."

அன்று சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில், அந்த மண்ணில் நின்றுகொண்டு ஒரே ஒரு வாக்கியம். எனக்கு அவள் மேல் கோபம் வருவது இங்கேதான். ஆனால் அறுபது வருஷம் பூட்டியே கிடந்த வாய், காற்று கொஞ்சம் இதமாக அடித்ததும் திறந்துகொள்ளுமா?

அக்டோபரில் மாஸ்கோவில் டாங்கிகள் தெருவுக்கு வந்தன. லுகேரியா வீட்டுத் தொலைக்காட்சியில்தான் தெருவே பார்த்தது. ஆற்றங்கரையில் ஒரு பெரிய வெள்ளைக் கட்டிடம், அது நாட்டின் பாராளுமன்றமாம். டாங்கி அதன்மேல் சுட்டது. மேல் மாடிகள் கரியாகிப் புகைந்தன. பாலத்தில் ஜனங்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"யாரு யாரைச் சுடுறா?" என்று உஸ்தீனியா கேட்டாள்.

"யாருக்குத் தெரியும்? ஜனாதிபதி ஆளுங்க பாராளுமன்றத்துக்காரங்களச் சுடுறாங்களாம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இவனுங்க கட்டிப்புடிச்சுக்கிட்டு நின்னானுங்க." லுகேரியா சமோவாரின் குழாயைத் திருகித் தேநீர் ஊற்றினாள். அந்தச் சமோவாரேதான். அதிலிருந்து உஸ்தீனியா எத்தனையோ வருஷமாகத் தேநீர் குடித்துவருகிறாள். "யாரு ஜெயிச்சா நமக்கென்ன, உஸ்தியா? ஜெயிச்சவன் கையில ஒரு லிஸ்ட்டு இருக்கும். லிஸ்ட்டுல பேரு வந்தவன் கதி அதோகதிதான். இந்தத் தடவ லிஸ்ட்டுக்கு அலையக்கூட வேணாம், அவனவன் பேர அச்சடிச்சே குடுத்திருக்கானுங்க!"

சொல்லிவிட்டு லுகேரியா பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தாள். அவளுக்கு அது வேடிக்கை. அவள் தன் தாளை ஊறுகாய் ஜாடிக்கு மூடியாகப் போட்டிருந்தாள். உஸ்தீனியா தேநீரைக் குடிக்காமல் எழுந்து போனாள்.

மறுநாள் காலை யெகோர் பம்ப்பு தேடி வட்டார நகரத்துக்கு பஸ் ஏறினான். பஸ் கண்ணிலிருந்து மறைந்ததும் உஸ்தீனியா சாமி படத்துக்குப் பின்னாலிருந்து தன் தாளை எடுத்துக்கொண்டு, தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள்.

வலேரியான் குஸ்மிச் அவளை நாற்காலியில் உட்காரவைத்தார். தேநீர் சொன்னார், இனிப்பு எடுத்து வைத்தார். முப்பது வருஷம் அவருடைய பண்ணையில் பால் கறந்தபோது ஒரு நாளும் கிடைக்காத மரியாதை.

"இத எடுத்துக்கங்க," என்றாள்.

"எடுத்துக்கங்கன்னா? குத்தகைக்கா, த்ரோஃபீமவ்னா?"

"இல்ல. மொத்தமா. திரும்பி வராத மாதிரி."

"நிறுவனத்தோட மூலதனத்துல சேர்த்துக்கலாம். சேர்த்துட்டா அப்புறம் திரும்பி வராது, முன்னாடியே சொல்லிட்டேன்."

"அதுதான் வேணும்."

அவர் பேனாவைத் தேடுவதுபோல் கொஞ்ச நேரம் மேஜையைத் துழாவினார். "பையனுக்குத் தெரியுமா? அவன் ஏதோ சவேலி துண்டு அது இதுன்னு..."

"இது என் பேருல இருக்குறது."

"அது சரி, அது சரி. உங்க சொத்து, உங்க இஷ்டம்."

சொத்து என்ற வார்த்தையைக் கேட்டதும் அவள் அவர் கையிலிருந்த பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். பதிலுக்கு வருஷா வருஷம் விறகும் கொஞ்சம் தானியமும் தருவதாக வலேரியான் குஸ்மிச் சொன்னார். அவள் அதைக்கூடக் கேட்டிருக்கவில்லை. அந்த ஆளைத் திருடன் என்று சொல்ல முடியாது. வாசலில் வந்து விழுந்ததைக் குனிந்து எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். அப்படிக் குனிந்து குனிந்தே பாதி நாட்டை எடுத்துக்கொண்டவர்கள் மாஸ்கோவில் இருந்தார்கள், இவர் சின்ன மீன்.

வீட்டுக்கு வரும் வழியில் உஸ்தீனியாவின் கால் தரையில் பாவவில்லை. அடுப்பு மூட்டி, முட்டைக்கோஸ் வைத்து ரொட்டி சுட்டாள். சுடும்போது பாடினாள்கூட. மகனைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதி. அவள் வாழ்க்கையில் அத்தனை சந்தோஷமாக இருந்த நாள் வேறு இல்லை என்று பின்னால் அவளே லுகேரியாவிடம் சொன்னாள். அதைச் சொல்லும்போது கன்னத்தில் அறைந்துகொண்டாள்.

யெகோர் சாயங்கால பஸ்ஸில் வந்தான். கந்தல் துணியில் சுற்றிய பம்ப்பைக் குழந்தையைக் கிடத்துவதுபோல் மேஜைமேல் வைத்தான். ரொட்டியைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னம்மா, விசேஷமா?"

அவள் சொன்னாள். அவன் இரண்டு தடவை கேட்டான், இரண்டு தடவையும் ஒரே பதிலைச் சொன்னாள். கத்துவான், தட்டை உடைப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் எதுவும் செய்யவில்லை. எழுந்து பட்டறைக்குப் போனான். அந்த வாரம் முழுக்க, வசந்தத்திலிருந்து பாடுபட்டு எழுப்பிக்கொண்டிருந்த டிராக்டரை ஒவ்வொரு மரையாகக் கழற்றி, எண்ணெய் துடைத்து, தரையில் வரிசையாக அடுக்கினான். இயக்குநரிடம் ஒரே ஒரு தடவை போய்ப் பேசினான். உன் பங்கு உனக்கு இருக்கிறது தம்பி, பள்ளத்து ஓரமாக அளந்து தருகிறோம் என்றார். பள்ளத்து ஓரத்தில் ஆடுகூட மேயாது.

கடைசி மரையைக் கழற்றிய அன்று குடித்துவிட்டு வந்தான். வாசற்படியில் உட்கார்ந்தான்.

"ஏம்மா? ஒரே ஒரு தடவ சொல்லு, ஏன்?"

அப்போதுதான் அவள் சொன்னாள். இரண்டாவது குதிரை, பட்டியல், வண்டி, ரயிலில் செத்த தம்பி, த்ரோஃபிம் சித்தப்பா, எல்லாம். அவள் குரல் ஆறு வயதுப் பெண்ணின் குரல் மாதிரி மெலிந்து போயிருந்தது.

"சவேலின்னா... அந்த சவேலியா? எங்க தாத்தாவா?"

"ஆமா."

"நான் அங்கதான் நீச்சல் கத்துக்கிட்டேன்." அவன் முகத்தைக் கையால் தேய்த்துக்கொண்டான். "ஊரு முழுக்க அவரு பேரச் சொல்லிட்டுத் திரியறேன், அவரு என் ஆளுன்னு எனக்கே தெரியல. சொல்லியிருந்தா உன்ன நான் கையில வச்சுத் தாங்கியிருப்பேனேம்மா. ஆபீசுக்கு நானே கூட்டிட்டுப் போயி, பயப்படாத, நான் இருக்கேன்னு சொல்லியிருப்பேன்."

"உன்னக் கொண்டுபோயிடுவாங்கன்னு நெனச்சேன், கண்ணு."

"யாரு? குஸ்மிச்சா?"



குளிர்காலத்தில் யெகோர் மாநிலத் தலைநகருக்கு இரண்டு முறை போய்வந்தான். அங்கே பழைய வழக்குகளைத் தோண்டியெடுத்துத் தீர்த்துக் கொடுக்கிற அலுவலகம் ஒன்று புதிதாகத் திறந்திருந்தார்கள். வசந்தத்தில் ஒரு தாளைக் கொண்டுவந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினான். சவேலி குற்றமற்றவர். குடும்பம் அநியாயமாக ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டது. மகள் உஸ்தீனியாவுக்குச் சலுகைகள்: ரயிலில் பாதிக் கட்டணம், மருந்தில் தள்ளுபடி, வரிசையில் காத்திராமல் வீட்டுக்கு இலவசத் தொலைபேசி. மாலியே ப்ருதிக்குத் தொலைபேசிக் கம்பியே வந்ததில்லை.

"அப்ப நிலம்?" என்றாள். அந்த வார்த்தையை அவள் வாயால் சொன்னது அதுவே முதல் தடவை.

"அதையும் கேட்டேம்மா. அந்தக் காலத்துல புடுங்குன நிலத்தத் திருப்பித் தர மாட்டாங்களாம். புதுசாக் குடுத்ததுதான் நம்ம பங்காம்." அவன் தாளை மடித்தான். "அங்க இருந்த பொண்ணு நல்ல பொண்ணு. 'உங்கம்மா பங்கு பத்திரமா இருக்குல்ல'ன்னு கேட்டா."

அந்த வருஷம் சவேலி துண்டில் யாரும் உழவில்லை. நிறுவனத்திடம் டீசல் இல்லை. ஜூலையில் முட்செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. யெகோர் அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டு ஆற்றைச் சுற்றிக்கொண்டு போனான். பட்டறையிலும் சம்பளம் நின்றுபோய்ப் பல மாதம் ஆகியிருந்தது. ஆகஸ்டில் ஒருவன் வடக்கே எரிவாயுக் கிணறுகளுக்கு ஆள் சேர்க்க வந்தான். ரயில் ஏறி நாலு நாள் போக வேண்டிய தூரம், குளிரில் எச்சில் துப்பினால் தரைக்கு வருமுன் உறைந்துவிடும் என்றான். யெகோர் அன்றே பெயர் கொடுத்தான்.

உஸ்தீனியா தடுக்கவில்லை. எந்த முகத்தோடு தடுப்பாள்? இரண்டு நாள் அடுப்பின்மேல் ரொட்டித் துண்டுகளைக் காயவைத்துத் தலையணை உறையில் நிரப்பிக் கட்டினாள். முப்பதாம் ஆண்டு அந்த விடியலில் இப்படி மூட்டை கட்ட அவள் அம்மாவுக்கு நேரம் கிடைக்காமல் போனது. யெகோர் அந்த மூட்டையைப் பார்த்தான், வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான், சொல்லாமல் வாங்கிக்கொண்டான்.

காலையில் சாலை முக்கில் பஸ் வந்து நின்றது. உள்ளே ஏற்கெனவே அக்கம்பக்கத்து ஊர் ஆண்கள் ஏழெட்டுப் பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். யெகோர் அம்மாவை முத்தமிட்டு ஏறினான். அவள் நகராமல், திறந்திருந்த முன்கதவுப் பக்கம் போய், ஓட்டுநர்ப் பையனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, இவன எப்ப விடுவீங்க?"

பையனுக்குப் புரியவில்லை. "எங்க எறக்கி விடணும், பாட்டிம்மா?"

"இல்லப்பா. திருப்பி எப்ப விடுவீங்க? கடுதாசி போட விடுவாங்களா? அவன் ஒண்ணும் பண்ணல, தம்பி. அவன் பேருல ஒண்ணுமில்ல. நான் எல்லாத்தையும் குடுத்துட்டேன்."

சீட்டாட்டம் நின்றது. யாரோ ஒருவன் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டான். யெகோர் இறங்கி வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாக அந்தப் பையனின் கையிலிருந்து விலக்கினான்.

"அம்மா, யாரும் என்னக் கூட்டிட்டுப் போக வரல. கடைசி வரைக்கும் யாரும் வரவேயில்லம்மா. நானாத்தான் போறேன்."

கதவு மூடியது. அவள் சாலையோரத்தில், பஸ்ஸில் இருந்தவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். துப்பாக்கி வைத்திருப்பவன் எவன் என்று தேடினாள், ஒருத்தன் கையிலும் இல்லை.